சுண்டெலியும் காக்கையும்: ஒரு சிப்பியின் பெயர்க் கதை

ஆங்கில ஆசிரியர் ஒருவர் வகுப்பில் 'மசில்' என்று உரக்கச் சொல்லி, அதனை எழுதும்படி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களுள் பெரும்பாலோர் 'தசை' என்று பொருள்படும் சொல்லை எழுதுவார்கள். கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒருவன் மட்டும் பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைச் சிப்பியின் பெயரை எழுதிவிடக் கூடும். இரண்டு விடைகளும் சரியே. ஏனெனில், ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களுக்கும் ஒலி ஒன்றுதான். வேறுபாடு எழுத்தில் மட்டுமே உள்ளது. தசையைக் குறிக்கும் சொல்லில் 'எஸ்' என்ற எழுத்துக்குப் பின் 'சி' என்ற எழுத்து ஒலிக்காமல் வாய்மூடி நிற்கிறது. சிப்பியைக் குறிக்கும் சொல்லில் 'சி' இல்லை; 'எஸ்' இரட்டித்து வருகிறது.

தசைக்கும் சிப்பிக்கும் ஒரே ஒலி அமைந்தது தற்செயலா? இல்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் யார் என்று தேடிப் போனால், நமக்கு முன்னால் ஒரு சுண்டெலி வந்து நிற்கிறது. அந்தச் சுண்டெலியைத் தொடர்ந்து சென்றால் ரோமாபுரி, கிரேக்கம், ஜெர்மனி எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, நம்முடைய எண்ணூர்க் கழிமுகத்துக்கே வந்து சேரலாம். அங்கே இந்தச் சிப்பியின் பெயர் வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரிய பொருளாக இல்லை. பல குடும்பங்களின் அன்றாடச் சோற்றோடு தொடர்புடையதாக இருக்கிறது.

தோலுக்கு அடியில் ஓடும் எலி

இலத்தீன் மொழியில் 'மூஸ்' என்றால் எலி. அதனோடு 'குலஸ்' என்ற விகுதியைச் சேர்த்தால் 'மஸ்குலஸ்', அதாவது 'சின்ன எலி' என்று பொருள். உங்கள் கையை மடக்கி, மேற்கையைப் பாருங்கள். தசை திரண்டு எழுகிறது. கையை நீட்டினால் அது தாழ்ந்து மறைகிறது. தோலுக்கு அடியில் ஒரு சுண்டெலி ஓடி ஒளிவது போலப் பழங்கால மக்களுக்கு அது தோன்றியது. எனவே தசைக்குச் 'சின்ன எலி' என்று பெயர் வைத்தார்கள்.

அதே மக்கள் கடற்கரைப் பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கருநிறச் சிப்பிகளையும் கண்டார்கள். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை அகன்றும் இருக்கும் அச்சிப்பி, உருவிலும் நிறத்திலும் ஒடுங்கிப் படுத்திருக்கும் சுண்டெலியை ஒத்திருந்தது. ஆகவே அதற்கும் 'மஸ்குலஸ்' என்றே பெயரிட்டார்கள். கிரேக்கர்களோ விகுதியைக்கூடச் சேர்க்கவில்லை. அவர்கள் மொழியில் எலி, தசை, இந்தச் சிப்பி ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல்தான் வழங்கியது.

இந்த உறவு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தங்கியிருக்கிறது. ஜெர்மன் மொழியில் எலி 'மவுஸ்', தசை 'முஸ்கெல்', சிப்பி 'முஷெல்'. பிரெஞ்சு மொழியில் இச்சிப்பியின் பெயர் தேய்ந்து தேய்ந்து 'மூல்' என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்குச் சிப்பியின் பெயர் மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்தது. தசையின் பெயரோ பல நூற்றாண்டுகள் கழித்துப் பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரே சொல் இரண்டு முறை குடிபெயர்ந்து, இரண்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கியது. குழப்பத்தைத் தவிர்க்க, 1600ஆம் ஆண்டு வாக்கில் சிப்பிக்கு இரட்டை 'எஸ்' போட்டு எழுதும் வழக்கம் தலைகாட்டியது. எனினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது நிலைபெற்றது. இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் எழுத்துக்கூட்டு, அவ்வளவு காலத் தயக்கத்துக்குப் பிறகு செய்யப்பட்ட ஓர் ஏற்பாடே ஆகும்.

வடமொழியில் எலிக்கு மூஷிகம் என்று பெயர் உண்டு. பிள்ளையாரை மூஷிக வாகனன் என்கிறோம். இந்த மூஷிகமும் இலத்தீன் 'மூஸ்', ஆங்கில 'மவுஸ்' ஆகியவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை வெறும் ஒலி ஒற்றுமையைக் கொண்டு சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் எலி 'மூஸ்' என்றும், வீடு 'ஹூஸ்' என்றும், பேன் 'லூஸ்' என்றும் வழங்கின. இன்று அவை 'மவுஸ்', 'ஹவுஸ்', 'லவுஸ்' என மாறியுள்ளன. ஒரு சொல் மட்டும் மாறியிருந்தால் அதைத் தற்செயல் எனலாம். ஒரே வகைச் சொற்கள் யாவும் ஒரே வழியில் மாறியிருப்பதால் அங்கே ஒரு விதி செயல்படுகிறது என்று கொள்கிறோம். பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை வைத்து முடிவு சொல்லாமல் பல அளவீடுகளை எடுப்பது போன்றதே இதுவும்.

ஒரு சிறு விகுதியின் பெரிய குடும்பம்

'சின்ன எலி'யில் வந்த அந்தச் சிறுமை விகுதி, விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்குப் புதியது அன்று. இலத்தீனில் 'மோலெஸ்' என்றால் பெரும் பொருள்திரள். அதனைச் சிறிதாக்கினால் 'மாலிக்யூல்', அதாவது மூலக்கூறு. 'பார்ஸ்' என்றால் பகுதி. சிறிய பகுதி 'பார்ட்டிக்கிள்', அதாவது துகள். 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்புக் கல். சின்னக் கல் 'கால்குலஸ்'. ரோமானியர்கள் கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதனால்தான் உயர்கணிதத்தின் ஒரு பிரிவுக்குக் கால்குலஸ் என்ற பெயர் வந்தது.

'கால்க்ஸ்' என்ற சொல்லிலிருந்தே 1808ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி தாம் பிரித்தெடுத்த உலோகத்துக்குக் கால்சியம் என்று பெயரிட்டார். சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கிளிஞ்சலைச் சூளையில் இட்டுச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. பழைய சென்னைக் கட்டடங்களின் பளிங்கு போன்ற சுவர்ப்பூச்சுக்கு இக்கிளிஞ்சல் சுண்ணாம்பே பயன்பட்டது. அந்தப் பூச்சின் பெயரான 'சுண்ணம்' ஆங்கிலத்திலும் ஏறி, 'சுணாம்' என்ற சொல்லாகியது. ஆக, சொற்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்வதில்லை. நம் சங்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்குச் 'சாங்க்' என்று ஒரு பெயர் உண்டு. சென்னை மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட, இந்தியச் சங்கைப் பற்றிய நூலின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது.

சிப்பிக்குள் இருக்கும் தசை

பெயர் ஒற்றுமை ஒருபுறம் இருக்க, இச்சிப்பிக்கும் தசைக்கும் உண்மையான உறவும் ஒன்று உண்டு. சிப்பியின் இரண்டு ஓடுகளையும் ஒரு மீள்தன்மையுள்ள நார் இணைக்கிறது. அது ஒரு வில்லைப் போல ஓடுகளை எப்போதும் திறக்கவே முயல்கிறது. திறக்கவிடாமல் இழுத்து மூடி வைப்பது தசை. சிப்பியை வேகவைத்தால் அது வாய் பிளப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். தசை செயலற்றுப் போனதும் நாரின் விசை வென்றுவிடுகிறது.

இங்கே ஒரு பௌதிகப் புதிர் இருக்கிறது. நீர் நிறைந்த வாளி ஒன்றைக் கையில் தூக்கி அசையாமல் நில்லுங்கள். வாளி நகரவில்லை, ஆகவே பாடப்புத்தகத்தின்படி நீங்கள் செய்யும் வேலை சுழி. ஆனாலும் சில நிமிடங்களில் கை கடுக்கிறது. நம் தசை விசையை நிலைநிறுத்துவதற்கே இடைவிடாமல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருப்பதுதான் காரணம். சிப்பியின் தசையோ இதில் நம்மை மிஞ்சிவிட்டது. ஒருமுறை சுருங்கியபின், தாழ்ப்பாள் போட்டது போல, மிகக் குறைந்த ஆற்றலிலேயே மணிக்கணக்கில் இழுவிசையைக் காத்து நிற்கிறது. அலை வற்றி, வெயிலில் பாறை காயும் நேரத்தில் ஓட்டை மூடி வைத்து உயிர் பிழைக்க இது உதவுகிறது. இத்தகைய தசையை உடலியல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்தது இந்தச் சிப்பிக் குடும்பத்தில்தான். அகராதியில் பிரிந்துபோன இரு சொற்களும் ஆய்வுக்கூடத்தில் மறுபடி சந்தித்தன எனலாம்.

இதன் மற்றோர் ஆற்றல் ஒட்டிக்கொள்ளுதல். காலிலிருந்து சுரக்கும் புரதத்தால் நூல் நூற்று, அந்நூலின் நுனியை நீருக்கு அடியிலேயே பாறையில் பசைபோல ஒட்டிவிடுகிறது. நம் கடைப் பசைகள் பலவும் ஈரத்தில் தோற்றுப்போகும் இடத்தில் இது வெல்கிறது. அந்தப் பசைப் புரதத்தின் வேதியியல் தன்மையை 1981ஆம் ஆண்டில் வெயிட் என்ற அறிஞரும் அவர் தோழரும் விளக்கினார்கள். பாறையானாலும், பாலத்தூணானாலும், மின்நிலையத்தின் குளிர்நீர்க் குழாயானாலும் இச்சிப்பிக்கு ஒன்றுதான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் வரும் வழியில் படரும் பச்சைச் சிப்பிகளைக் கட்டுப்படுத்துவது பல்லாண்டு ஆராய்ச்சிக்கு உரிய சிக்கலாக இருந்து வந்துள்ளது.

ஒரு பெயருக்குள் பல உயிர்கள்

ஆங்கிலத்தின் இந்தச் சொல் ஓர் உயிரை மட்டும் குறிப்பது அன்று. கடற்பாறைகளில் வாழும் ஒரு குடும்பமும், ஆறு குளங்களின் சேற்றில் வாழும் வேறொரு கூட்டமும் இதே பெயரைப் பெற்றுள்ளன. 1988ஆம் ஆண்டில் வட அமெரிக்க ஏரிகளில் கண்டறியப்பட்டுக் குழாய்களை அடைத்துப் பெரும் தொல்லை தந்த 'வரிக்குதிரை மசில்' இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம். பார்வைக்கு ஒத்திருந்தாலே ஒரே பெயரை வைத்துவிடுவது மக்கள் வழக்கு.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே லின்னேயஸ் இரட்டைப் பெயர் முறையை வகுத்தார். நம் கரைப் பச்சைச் சிப்பியை அவர் 1758ஆம் ஆண்டில் பதிவு செய்தார். இன்று அதன் அறிவியல் பெயர் 'பெர்னா விரிடிஸ்'. விரிடிஸ் என்றால் பச்சை. பெர்னா என்பது பன்றித் தொடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்! சுண்டெலியைக் கண்ட அதே மக்கள் இன்னொரு சிப்பியில் பன்றித் தொடையைக் கண்டிருக்கிறார்கள். மலையாள நாட்டாரோ இதனைக் 'கல்லும்மக்காய்' என்கிறார்கள். கல்லின் மேல் காய்க்கும் காய் என்பது அதன் கருத்து. ஒவ்வோர் ஊராரும் தாம் அறிந்த பொருளைக் கொண்டே அறியாத பொருளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

எண்ணூரில் வழங்கும் பெயர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். திருவொற்றியூரைத் தாண்டி வடக்கே சென்றால், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடம் என்பதால் இறாலும் நண்டும் சிப்பியும் செழிப்பதற்கு ஏற்ற இடம். அதைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்களும் எண்ணெய், உரத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் எழுந்தன. 1970ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. சாம்பலும் வெந்நீரும் கழிமுகத்தைப் பல்லாண்டுகளாக வாட்டின. 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது.

இந்தக் கழிமுகத்து மீனவர்கள் சிப்பிகளை ஒரே பெயரால் அழைப்பதில்லை. மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது மட்டி. அதில் மஞ்சள் மட்டி உண்டு. கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வாழ்வது ஆழி. பச்சை நிறத்தது பச்சை ஆழி. ஆங்கிலத்தில் முதலாவது 'கிளாம்'. அது இறுகப் பிடிப்பதைக் குறிக்கும் பழஞ்சொல். இரண்டாவதே நாம் இதுவரை பேசிவந்த 'மசில்'. புதைந்து வாழ்வதா, ஒட்டி வாழ்வதா என்ற வாழ்க்கை முறையை வைத்தே மீனவரும் பெயரைப் பிரித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இலக்கியத்தில் 'ஆழி' என்றால் கடல், சக்கரம், மோதிரம் என்று பொருள்கள் உண்டு. ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் இந்த ஆழியை அந்த ஆழியோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. மேலே கண்ட 'மூஸ், ஹூஸ், லூஸ்' போன்ற வரிசையான சான்று அதற்கு வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் புதுப்பெயர் ஒன்று சேர்ந்தது: 'காக்கா ஆழி'. காக்கை போன்ற கருநிறம் கொண்ட, பச்சை ஆழியைவிடச் சிறிய சிப்பி அது. ரோமானியர் சுண்டெலியைக் கண்ட இடத்தில் எண்ணூரார் காக்கையைக் கண்டார்கள். அறிவியல் உலகில் அதன் பெயர் 'மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா'. 1843ஆம் ஆண்டில் ஹான்லி என்பவர் பெயரிட்டது. அதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாயில் அது காணப்பட்டது. 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், அதன்பின் கேரளக் காயல்களிலும் தென்பட்டது. பிறகு எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பரப்புகளிலும் பரவியது.

கப்பல் சுமந்துவந்த விருந்தாளி

கடல்கடந்து ஒரு சிப்பி எவ்வாறு வர முடியும்? சரக்கு இல்லாத கப்பல் நீரில் உயர்ந்து மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் விதியின்படி அது தன் எடைக்குச் சமமான நீரையே வெளியேற்றுவதால், எடை குறைந்தால் அமிழ்வதும் குறையும். அந்நிலையில் கப்பல் எளிதில் சாயும். உந்துசுழலியும் நீருக்கு மேலே வந்துவிடும். ஆகவே சரக்கை இறக்கிய துறைமுகத்திலேயே தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வார்கள். அடுத்த துறைமுகத்தில் சரக்கேற்றும்போது அந்நீரை வெளியே விடுவார்கள். ஒரு கப்பல் பல்லாயிரம் டன் நீரைச் சுமந்து செல்லக்கூடும்.

சிப்பி முதிர்ந்தபின்தான் ஓரிடத்தில் ஒட்டி வாழ்கிறது. இளம்பருவத்தில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிராக நீரில் மிதக்கிறது. தொட்டி நீரோடு அது உள்ளே போய், வேற்றுநாட்டுக் கழிமுகத்தில் வெளியே வருகிறது. வளர்ந்த சிப்பிகள் கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்வதுண்டு. இவ்வாறு உயிரினங்கள் பரவுவதைத் தடுக்கவே, நிலைநிறுத்து நீரைத் தூய்மை செய்து வெளியிட வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2004ஆம் ஆண்டில் உருவாகி, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

வந்த விருந்தாளி எளிதில் போவதாயில்லை. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்குகிறது, விரைந்து பெருகுகிறது, தன் நூல்களால் ஒன்றோடொன்று பின்னிக் கழிமுகத்தின் அடித்தரையில் பாய் விரித்தது போலப் படர்கிறது. இறால் சேற்றில் புதைந்து மறையும் உயிர். மேலே சிப்பிப் பாய் விரிந்துவிட்டால் அது புதைய இடமில்லை. மஞ்சள் மட்டிக்கும் இடமில்லை. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கையையும் காலையும் கூரிய ஓடுகள் கிழிக்கின்றன. மட்டியும் பச்சை ஆழியும் இறாலும் குறைந்துபோயின என்று மீனவர்கள் முறையிட்டார்கள். அம்முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

'சிப்பி' என்று மட்டும் சொன்னால்

இப்போது ஒரு சிறு தருக்கக் கணக்கு. ஒருவர் 'எண்ணூரில் சிப்பி அழிந்து வருகிறது' என்கிறார். மற்றொருவர் 'எண்ணூரில் சிப்பி ஏராளமாகப் பெருகியிருக்கிறது' என்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். ஆனால் இரண்டும் உண்மை. அழிவது மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும். பெருகுவது காக்கா ஆழி. 'சிப்பி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று மறுப்பது போல் தோன்றின. கணக்கில் மீட்டரையும் கிலோகிராமையும் ஒரே குறியீட்டால் எழுதினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று. 1975ஆம் ஆண்டில் எட்வர்டு கோல்டுபர்க் என்ற அமெரிக்க அறிஞர், மசில் சிப்பிகளைக் கொண்டு உலகக் கடற்கரைகளின் மாசை அளக்கலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். இவை ஓரிடத்தில் ஒட்டியிருந்து நீரை ஓயாமல் வடிகட்டி உண்பதால், அந்நீரிலுள்ள உலோகங்களும் எண்ணெய்க் கூறுகளும் அவற்றின் உடலில் சேர்கின்றன. சிப்பி ஓர் அளவுகருவியாகிவிடுகிறது. ஆனால் எந்தச் சிப்பியை எடுத்து அளந்தோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் அளவீட்டுக்கு என்ன மதிப்பு? நிவாரணம் கேட்கும் மீனவருக்கும் இதே நிலைதான். 'சிப்பிதான் நிறைய இருக்கிறதே' என்று ஒரு வரியில் அவர் மனுவைத் தள்ளிவிடலாம்.

நம் பாடப்புத்தகங்களிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் 'கிளாம்', 'மசில்', 'ஆய்ஸ்டர்' ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் 'சிப்பி' என்றே எழுதிவிடுகிறோம். நமக்குச் சொல் இல்லை என்பது இதற்குக் காரணம் அன்று. மட்டி, ஆழி என்ற சொற்கள் கரையில் வாழ்கின்றன. புத்தகத்துக்குள் நுழையவில்லை, அவ்வளவே. வந்தேறிச் சிப்பி வந்தபோது, அது பழைய ஆழியைச் சேர்ந்தது, ஆயினும் வேறு இனம் என்பதை மீனவர்கள் 'காக்கா ஆழி' என்ற இரண்டே சொற்களில் பதிவு செய்தார்கள். குடும்பப் பெயர் ஆழி; இனத்தின் அடையாளம் காக்கா. லின்னேயசின் இரட்டைப் பெயர் முறை இதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கடலோரப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் செய்யத்தக்க ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்க் கரையில் கிடைக்கும் ஓடுகளைச் சேகரியுங்கள். ஒவ்வோர் ஓட்டையும் மூத்த மீனவரிடமும், சந்தையில் சிப்பி விற்கும் அம்மாவிடமும் காட்டி, அதற்கு அவர்கள் வழங்கும் பெயரையும், அது வாழும் இடத்தையும், எந்த ஆண்டு முதல் கூடிற்று அல்லது குறைந்தது என்பதையும் கேட்டு, தேதியிட்டு எழுதுங்கள். விலங்கியல் ஆசிரியரைக் கொண்டு அறிவியல் பெயரைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை இப்படிப் பத்துக் குறிப்பேடுகள் நிரம்பினால், அடுத்த வந்தேறி கரையேறும்போது அதை நாம் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும்.